கிளம்பிப் போன மறு ஞாயிறு

அறுபத்தைந்து வயதில் வீட்டைப் பூட்டி, பேரப்பிள்ளைகளிடம் விடைபெற்று, சொந்தக் காசில் 18 மாதம் வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படும் தம்பதிகளைப் பற்றி யார் எழுதினாலும் தியாகத்தில் தொடங்கித் தியாகத்திலேயே முடித்துவிடுகிறார்கள். தியாகம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பேச்சு அதோடு நின்றுபோவது நெடுநாளாக உறுத்துகிறது. வீட்டில் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேட்கிறோம். போன இடத்தில் எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் விமானம் ஏறிய மறு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்ன சபையில் கீபோர்டு முன்னால் யார் உட்கார்ந்தார்? காணிக்கையை யார் எண்ணினார்? ஊர் அடிபம்பு நின்றுபோனபோது யாரைக் கூப்பிட்டார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் அந்த 18 மாதம் நல்லபடியாகப் போனதா இல்லையா என்று சொல்லவே முடியாது என்பது என் கட்சி.

மார்மன் சபை என்று பலரும் அறிந்த, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். மூத்த தம்பதிகளை இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு காலமாக வெளிநாட்டுக்கு அனுப்பிவரும் அமைப்புகள் அதிகமில்லை. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இரண்டிரண்டு பேராக நடக்கும் இளைஞர்கள்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறார்கள். அவர்களுக்கு வீடு பார்த்து, வாடகை கட்டி, காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் நரைத்த தலைகள் கண்ணில் படுவதில்லை. இடத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவை எடுத்துக்கொள்கிறேன். அதற்குத் தனிக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

புறப்படும் முன்

இளைஞர்களுக்குக் காலவரை நிலையானது: ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு 18 மாதம். மூத்தவர்களுக்கு 2011இல் விதிகளைத் தளர்த்தினார்கள். 6, 12, 18, 23 மாதம் என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும், ஊழியம் செய்யும் இடத்தில் குடியிருக்கும் வீட்டுக்கு ஆகும் செலவில் தம்பதி தரவேண்டியது மாதம் 1,400 டாலருக்கு மேல் போகாது என்றும் அறிவித்தார்கள். வெளிநாட்டில் 18 மாதத்துக்குக் குறைவாகப் போவதென்றால் விமானச் செலவும் தம்பதியுடையது. சம்பளம் கிடையாது. சாப்பாடு, போக்குவரத்து, மருந்து எல்லாம் அவர்களுடைய ஓய்வூதியத்திலிருந்துதான். எந்த நாடு, என்ன வேலை என்று விருப்பம் சொல்லலாம். அழைப்பு அப்படியே வந்துவிடும் என்ற உத்தரவாதம் இல்லை.

பயிற்சி அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் ப்ரோவோவில், பெரும்பாலும் ஒரு வார அளவுதான். அதற்கு முன்னால் நடக்கும் காகித வேலைதான் பெரிது. அதில் அதிகம் தவறுவது காப்பீடு. 65 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், சில அரிய விதிவிலக்குகள் தவிர, நாட்டுக்கு வெளியே செய்யும் மருத்துவத்துக்குப் பணம் தராது. எப்படியும் பயன்படப் போவதில்லையே என்று மாதாமாதம் பிரீமியம் கட்டும், மருத்துவர் செலவுக்கான அதன் பி பகுதியை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள், திரும்பச் சேரும்போது சேராமல் இருந்த ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்ட நேரிடும், அதுவும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. இதற்கு ஒரு விலக்கு உண்டு. வரிவிலக்குப் பெற்ற அமைப்பின் வழியாக, குறைந்தது 12 மாதத் திட்டமொன்றில், வெளிநாட்டில் வேறு காப்பீட்டோடு தொண்டு செய்தவர்கள், தொண்டு முடிந்தபின் 6 மாதத்துக்குள் அபராதமில்லாமல் சேர்ந்துகொள்ளலாம். ஆறு மாதத்துக்குப் போகிறவருக்கு இது கிடைக்காது. மெடிகேருக்கு மேல் துணைக்காப்பீடு வைத்திருப்பவர் அதை ரத்து செய்யுமுன் இரண்டு முறை யோசிக்கவேண்டும். திரும்ப வாங்கும்போது பல மாநிலங்களில் உடல்நிலையைக் கேட்பார்கள், மறுக்கவும் செய்யலாம்.

அடுத்தது வீடு. பல வீட்டுக் காப்பீடுகளில் 30 அல்லது 60 நாளுக்கு மேல் வீடு காலியாகக் கிடந்தால் சில இழப்புகளுக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி இருக்கும். பிள்ளை ஒருவரையோ வாடகைக்கு ஒருவரையோ குடிவைத்தாலும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். வங்கி இன்னொரு பொறி. வங்கிக் கணக்குக்குள் நுழைய ஒவ்வொரு முறையும் அனுப்பும் கடவு எண் (ஓ.டி.பி.) அமெரிக்கக் கைபேசிக்குத்தான் வரும். அந்த எண்ணை இணையவழி எண்ணாக மாற்றிக்கொண்டு போகிறவர்கள், சில வங்கிகள் அத்தகைய எண்களுக்குக் கடவு எண் அனுப்புவதில்லை என்பதை கானாவின் தலைநகர் அக்ராவில் இறங்கிய பிறகு கண்டுபிடிக்கிறார்கள். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே மாற்றி, ஒவ்வொரு வங்கிக்குள்ளும் ஒருமுறை போய்வந்து பார்த்துவிட வேண்டும்.

கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்கவேண்டும். 2016 முதல் அந்தச் சான்று ஆயுளுக்கும் செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, முதல்முறை போடும்போது, இந்த ஊசியில் அரிதான ஆனால் கடுமையான பக்கவிளைவு ஆபத்து சற்று அதிகம் என்பதால் பயண மருத்துவரிடம் பேசித்தான் போடவேண்டும். மலேரியாத் தடுப்பு மாத்திரை தினமும் சாப்பிடவேண்டும். அட்டோவாக்வோன்-ப்ரோகுவானில் என்றால் திரும்பிய பின் 7 நாள், டாக்சிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடரவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு டாக்சிசைக்ளின் அதன் வேகத்தைக் கூட்டிவிடும். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. ஊர் திரும்பிய பிறகும் ஓராண்டு வரை காய்ச்சல் வந்தால் கானாவிலிருந்து வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லவேண்டும்.

அங்கே வாழ்வது

மலேரியாவுக்குப் பயந்து போகிற மூத்தவர்கள் சாக்கடையை நினைத்துப் பார்ப்பதில்லை. அக்ராவில் தெருவோரக் கால்வாய்கள் பல இடங்களில் மூடியில்லாமல் திறந்தே கிடக்கும். மாலை ஆறு, ஆறரைக்கு இருட்டிவிடும், தெருவிளக்கை நம்ப முடியாது. எழுபது வயதில் ஒரு தவறான அடி இடுப்பெலும்பை முறித்தால் ஊழியம் அங்கேயே முடிந்துவிடும். பையில் ஒரு டார்ச், இருட்டியபின் நடக்காமலிருப்பது, வழுக்காத செருப்பு ஆகிய மூன்றும் மருந்துப் பெட்டியைவிட முக்கியமானவை.

மின்சாரம் 230 வோல்ட். சதுர முனை மூன்று கொண்ட பிரிட்டிஷ் பிளக். தூக்கத்தில் மூச்சுத் தடைக்கு வைக்கும் கருவி பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக் மாற்றி போதும். தலைமுடி உலர்த்தி தாங்காது. மின்வெட்டுக்கு அங்கே தும்சோர் என்று பெயர், 2012 தொடங்கிச் சில ஆண்டுகள் நாட்டையே ஆட்டிப்படைத்தது. இப்போதும் மின்சாரம் போகும், திரும்பும்போது எகிறி வரும். கருவிக்கு ஒரு வோல்டேஜ் பாதுகாப்பும் பேட்டரியும் அவசியம். இன்சுலின் எடுப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழே சுமார் 28 நாள் தாங்கும். ஆனால் அக்ரா வீடுகளின் உள்வெப்பமே 30ஐத் தாண்டும் என்பதால் ஈரத்துணி உறையோ மண்பானையோ வேண்டும். இருப்பு இன்சுலினுக்கு மட்டும் ஓடுகிற குளிர்ப்பெட்டி தேவை. மருந்தைத் தபாலில் வரவழைக்கலாம் என்று திட்டமிடக்கூடாது, சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.

வலது கையால்தான் கொடுக்கவும் வாங்கவும் வேண்டும். கூட்டத்துக்குள் போனால் வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகக் கைகுலுக்கி வரவேண்டும். இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. அமெரிக்கர்களுக்குப் பழக ஒரு மாதம் ஆகும். கானாவில் நரைத்த தலைக்கு உடனே மரியாதை கிடைக்கிறது. முன்பின் தெரியாத இளைஞர்கள்கூட அப்பா, அம்மா என்று அழைப்பார்கள். இருபது வயது மிஷனரி ஒருவன் குடும்பத் தலைவரிடம் சொல்லமுடியாததை எழுபது வயதுக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். இது பெரிய பலம். நான் கவலைப்படும் ஆபத்தும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

அலுவலகத்துக்கு அழைக்கப்பட்ட தம்பதியின் நாள் கணக்குப் புத்தகத்தில் கழியும். ஒரு மிஷனில், அதாவது சபையின் ஒரு ஊழியப் பகுதியில், நூற்றுக்கணக்கில் இளைஞர்கள் இருக்கலாம், அவர்களுக்குப் பல பத்து வாடகை வீடுகள். கானாவின் 1963ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஆறு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது என்கிறது. நடைமுறையில் வீட்டுக்காரர்கள் ஓராண்டு, இரண்டாண்டு வாடகையை முன்கூட்டியே கேட்கிறார்கள். இரண்டாண்டுக்குக் கட்டிவிட்ட வீடு இருக்கும் பகுதியை, ஆறு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் மிஷனரிகளின் இடமாற்றத்தில் மூடிவிட்டால் பணம் முடங்கும். அதனால் ஒவ்வொரு வீட்டின் ஒப்பந்த முடிவுத் தேதியையும் ஒரே தாளில் வைத்துக்கொண்டு, நான்கு மாதம் முன்பே வீட்டுக்காரரிடம் பேச்சைத் தொடங்குவார்கள் நல்ல அலுவலகத் தம்பதிகள். வீடுகளைப் பார்வையிடப் போகும்போது ஜன்னல் கொசுவலைக் கிழிசல், எரிவாயு சிலிண்டர் குழாய், தண்ணீர் வடிகட்டியின் மாற்றவேண்டிய தேதி, புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரி, மேலே இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் மூடி ஆகிய ஐந்தையும் பார்க்காமல் வரக்கூடாது. வடிகட்டி மாற்றாத வீட்டில் வயிற்றுப்போக்கு வரும். இரண்டு பேர் படுத்துவிட்டால் அந்த வாரம் அங்கே ஊழியமே இல்லை.

உள்ளூர்த் தலைவர்களுக்குத் துணையாக அனுப்பப்படும் தம்பதிகளின் வேலைக்கு இப்படிப் பட்டியல் கிடையாது. ஐம்பது அறுபது பேர் வரும் கிளை, அதாவது ஒரு சின்ன ஊர்ச்சபை. தலைவர் பள்ளி ஆசிரியராகவோ மின்பணியாளராகவோ இருப்பார், அவருக்கும் சம்பளம் இல்லை. எழுத்தர் என்று ஒருவர், பெண்களுக்கான ஒத்தாசைச் சங்கத்துக்குத் தலைவி என்று ஒருவர். அங்கே நாற்பது ஆண்டு சபை அனுபவத்தோடு ஒரு தம்பதி வந்து உட்கார்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். சகோதரி கீபோர்டு நன்றாக வாசிப்பார், மூப்பர் என்று அழைக்கப்படும் கணவர் கணக்கில் கெட்டிக்காரர். முதல் ஞாயிறே பாட்டுக்குச் சுருதி சேர்ந்துவிடும், மாத அறிக்கை நேரத்துக்குப் போய்விடும். எல்லோருக்கும் மகிழ்ச்சி. பதினெட்டு மாதம் கழித்துக் கீபோர்டு உறைக்குள் போகும், அறிக்கை பழையபடி தாமதமாகும். இடையில் எழுத்தர் தன் வேலையை மறந்திருப்பார். அதைவிட மோசம், தனக்கு அது வராது என்று நம்பியிருப்பார்.

1978 முதல் 1990 வரை

கானாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இங்கே வருகிறது. 1960களிலேயே கானாவிலும் நைஜீரியாவிலும் இந்தச் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தைப் படித்துவிட்டுத் தாமாகவே சபைகள் நடத்தியவர்கள் இருந்தார்கள். கானாவின் கேப் கோஸ்ட் நகரில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் 1964 முதல் அப்படி நடத்திக்கொண்டிருந்தார். மிஷனரிகளை அனுப்புங்கள் என்று சபைத் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். சபைப் பொறுப்புகளை ஏற்கத் தகுதி தரும் ஆசாரியத்துவம் கறுப்பின ஆண்களுக்குக் கிடையாது என்ற அன்றைய விதி குறுக்கே நின்றது. அந்த விதி சபையின் வரலாற்றில் ஒரு காயம், அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. 1978 ஜூனில் ஸ்பென்சர் கிம்பல் சபையின் தலைவராயிருந்தபோது அது நீக்கப்பட்டது. அந்த நவம்பரிலேயே மேற்கு ஆப்பிரிக்காவுக்கு முதலில் அனுப்பப்பட்டவர்கள் இளைஞர்கள் இல்லை, இரண்டு மூத்த தம்பதிகள்: ரெண்டல் மேபி, ரேச்சல் மேபி, எட்வின் கேனன், ஜானத் கேனன்.

அவர்கள் செய்ததில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்றுண்டு. நைஜீரியாவில் 1978 நவம்பர் 21 அன்று ஆன்டனி ஒபின்னா ஞானஸ்நானம் பெற்றார். அதே நாளில் அவரைக் கிளைத் தலைவராக்கி, அவருடைய சகோதரர்களை ஆலோசகர்களாக்கி, மனைவி ஃபிடெலியாவை ஒத்தாசைச் சங்கத் தலைவியாக்கினார்கள். டிசம்பரில் கானாவில் ஜான்சனும் அவரோடு இருந்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றபோதும் பொறுப்பு உடனே உள்ளூர்க் கைகளுக்கே போனது. ஓராண்டு முடிந்து தம்பதிகள் ஊர் திரும்பும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்தார்கள். அவசரம் என்று சொல்லலாம். காலையில் சேர்ந்தவர் மாலையில் தலைவரா என்று கேட்கலாம். ஆனால் ஒபின்னாவும் ஜான்சனும் அதற்கு முன் பல ஆண்டுகள் யாருடைய துணையுமின்றிச் சபை நடத்தியவர்கள். வந்தவர்கள் அதைக் கண்டு மதித்தார்கள். தங்களிடம் ஓராண்டுதான் இருக்கிறது என்பதையும் மறக்கவில்லை.

சோதனை பத்தாண்டு கழித்து வந்தது. 1989 ஜூன் 14 அன்று ஜெர்ரி ராலிங்ஸின் அரசு கானாவில் இந்தச் சபைக்கும் யெகோவாவின் சாட்சிகளுக்கும் தடை விதித்தது. வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேற வேண்டியதாயிற்று. சபைக் கட்டடங்கள் பூட்டப்பட்டன, சில உறுப்பினர்கள் காவலிலும் வைக்கப்பட்டார்கள். அங்குள்ளவர்கள் அந்தக் காலத்தை உறைவு என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டில் குடும்பத்தோடு திருவிருந்து எடுத்தார்கள். எம்மானுவேல் அபு கிஸ்ஸி என்ற கானா மருத்துவர் நாடு முழுக்கச் சபையின் பொறுப்பை ஏற்று நடத்தினார். யார் வீட்டில் யார் கூடுகிறார்கள், யாருக்கு உதவி தேவை என்பதையெல்லாம் உள்ளூர்க்காரர்களே பார்த்துக்கொண்டார்கள்.

தடை 1990 நவம்பர் 30 அன்று நீங்கியது. நாள்களை எண்ணிப் பாருங்கள், ஏறத்தாழ 18 மாதம். ஒரு மூத்த தம்பதியின் ஊழியக் காலம் எவ்வளவோ அவ்வளவு காலம் ஒரு வெளிநாட்டு மிஷனரிகூட இல்லாமல் ஒரு நாட்டின் சபை முழுவதும் இயங்கியது. வெறுமனே உயிரோடிருக்கவில்லை. 1991 ஏப்ரலில் அக்ராவிலும் கேப் கோஸ்ட்டிலும் பிணையங்கள் அமைக்கப்பட்டன. பல கிளைகள் சேர்ந்து, உள்ளூர்த் தலைவரின் கீழ், மிஷனின் கைப்பிடி இல்லாமல் நிற்கக்கூடிய அமைப்பைத்தான் பிணையம் என்கிறார்கள். 2004 ஜனவரி 11 அன்று அக்ராவில் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. தடை நல்லதாய்ப் போயிற்று என்று சொல்லவரவில்லை. அதில் பட்டவர்களின் துன்பத்தை யாருடைய வாதத்துக்கும் பயன்படுத்தக்கூடாது. ஆனால் மூத்த தம்பதிகளின் வேலையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த 18 மாதத்தில் வந்து நிற்கிறேன். கீபோர்டை விருந்தாளியும் கணக்கை விருந்தாளியும் பார்த்துக்கொண்டிருந்த சபையாக இருந்தால் 1989 ஜூலைக்குள் கலைந்துபோயிருக்கும்.

பம்பும் குழுவும்

இதே கதை தண்ணீரில் இன்னும் தெளிவாகத் தெரியும். மனிதநேயப் பணிக்கு அழைக்கப்படும் தம்பதிகளின் வேலைகளில் குடிநீர் முக்கியமானது. கானாவின் கிராமங்களில் ஆழ்துளைக் கிணறும் அடிபம்பும் பரவலாக உண்டு. அங்கே நிற்கும் பம்புகளில் பலவற்றுக்குத் தமிழ்நாட்டோடு நேரடி உறவு இருக்கிறது. இந்தியா மார்க் 2 பம்பு 1970களில் யுனிசெஃப் உதவியோடு உருவானது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் சோதித்துப் பார்த்து, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலையில் செய்யத் தொடங்கினார்கள். அங்கிருந்துதான் ஆப்பிரிக்காவெங்கும் போனது.

மார்க் 2 எளிதில் உடையாது. உடைந்தால் எளிதில் சரிசெய்யவும் முடியாது. தேய்வது பெரும்பாலும் உள்ளே உருளையில் இருக்கும் வாசர்தான். முதலில் தோலில் செய்தார்கள், பிறகு நைட்ரைல் ரப்பரில். விலை மிகக் குறைவு. ஆனால் 63.5 மில்லிமீட்டர் உருளை, துத்தநாகம் பூசிய 32 மில்லிமீட்டர் இரும்புக் குழாயின் (ஜி.ஐ. குழாய்) அடியில் தொங்குகிறது. அந்த வாசரை மாற்ற மூன்று மீட்டர்க் குழாய் ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றும் சுமார் 10 கிலோ, மேலே இழுக்கவேண்டும். முப்பது மீட்டர் ஆழம் என்றால் பத்துக் குழாய், உள்ளே கம்பிகள், தண்ணீர். முக்காலியும் தனிச் சாவிகளும் வண்டியும் வேண்டும். ஊர்ப்பெண்கள் இருவர் ஒரு ஸ்பானரோடு செய்கிற வேலை இல்லை. 1980களில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் நடந்த நீண்ட சோதனைகளில் பிறந்த மார்க் 3, குழாயை அகலமாக்கி, பிஸ்டனையும் கீழ் வால்வையும் குழாயைத் தொடாமலே மேலே எடுக்க வழிசெய்தது. அஃப்ரிடெவ் பம்பும் அதே வழிதான், குழாய் பி.வி.சி. ஆழம் சுமார் 45 மீட்டருக்குள் இருந்தால் ஊரார் கையாலேயே பழுதுபார்க்க இவைதான் ஏற்றவை.

இன்னொன்று தண்ணீரின் அமிலத்தன்மை. பி.ஹெச். 6.5க்குக் கீழே இருந்தால் ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு கரைந்து இரும்பு அரிக்கும். தண்ணீர் செந்நிறமாகும், வெள்ளைத் துணி கறைபடும், சமைத்த சோறு நிறம் மாறும். பம்பு நன்றாக அடிக்கும், ஆனால் ஊர் திரும்ப ஓடைக்கே போய்விடும். கானாவின் பல பகுதிகளில் இந்தச் சிக்கல் உண்டு. திறப்புவிழாவுக்கு முன் பி.ஹெச். அளந்து, தேவைப்பட்டால் துருப்பிடிக்காத எஃகு அல்லது பி.வி.சி. குழாய் கேட்கிற தம்பதி, பத்து அடிக்கல் நாட்டிய தம்பதியைவிட அதிகம் செய்திருக்கிறார்கள்.

பம்பைவிடக் கடினமானது குழு. கானாவில் ஊருக்கு ஊர் தண்ணீர், சுகாதாரக் குழு அமைப்பது வழக்கம், அதில் பெண்கள் இருந்தாகவேண்டும். வாளிக்கு இவ்வளவு என்று வசூலித்து வங்கியில் போடவேண்டும். வாசர் எந்த ஊர்க் கடையில் கிடைக்கும், மெக்கானிக் யார், அவர் எண் என்ன என்பதெல்லாம் குழுவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பணத்தைக் கையில் எடுத்து எண்ணி, ஒரு வாசர் வாங்கிவந்து, தம்பதி தள்ளி நின்று பார்க்க, குழுவே ஒருமுறை பம்பைக் கழற்றி மாட்டவேண்டும். இதற்கு ஒரு முழு நாள் ஆகும். திறப்புவிழாப் புகைப்படத்துக்கு அரைமணி போதும். நேரக்குறைவில் முதலில் வெட்டுப்படுவது அந்த முழு நாள்தான். பிறகு எட்டு மாதத்தில் ஒரு சின்ன வாசருக்காக ஒரு கிணறே செத்துப்போகிறது.

பணம்

மூத்த தம்பதிகளைத் தூங்கவிடாதது இதுதான். பள்ளிக் கட்டணம், அம்மாவின் அறுவைச் சிகிச்சை, தையல் இயந்திரம் என்று கேட்டு வருவார்கள். கேட்பவர் பொய் சொல்லவில்லை, தேவை உண்மையானது. தம்பதியின் கையில் பணம் இருக்கிறது, மனமும் இருக்கிறது. ஆனால் சொந்தப் பணத்தைத் தனியாகக் கொடுப்பது கூடாது என்பதுதான் வழிகாட்டல். கல்நெஞ்சு போலத் தோன்றும். அதன் காரணத்தைக் கிளைத் தலைவரின் இடத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். உறுப்பினர்கள் மாதம் ஒரு ஞாயிறு இரண்டு வேளை உண்ணாமலிருந்து அந்தப் பணத்தை உபவாசக் காணிக்கையாகத் தருகிறார்கள். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று முடிவுசெய்வது தலைவரின் பொறுப்பு. அவருக்கு அந்தக் குடும்பத்தை இருபது ஆண்டாகத் தெரியும். தம்பதி ஒருவருக்கு ரகசியமாகக் கொடுத்த மறுநாள், அடுத்த குடும்பம் தலைவரிடம் போகாது, தம்பதியின் வாசலுக்குத்தான் வரும். மூன்று மாதத்தில் தலைவர் பெயருக்குத் தலைவராகிவிடுவார். தம்பதி செய்யக்கூடியது, கேட்டவரைக் கூட்டிக்கொண்டு தலைவரிடம் போய், அவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. வரவு செலவைத் தாளில் எழுதிப் பார்க்க உதவுவது. தையல் இயந்திரம் வேண்டுமென்றால் சபையின் சுயசார்பு வகுப்பில் அவரைச் சேர்த்து, அவர் கணக்கு எழுதக் கற்கும் வரை கூடவே இருப்பது. பணம் கொடுப்பதைவிட இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். நேரம்தான் மூத்தவர்களிடம் இருக்கிற உண்மையான செல்வம், மற்ற எவரிடமும் அவ்வளவு இல்லை.

கடைசி ஆறு மாதம்

ஆகவே என் கணக்கில் ஊழியத்தை மூன்று பகுதியாகப் பிரிக்கவேண்டும். முதல் ஆறு மாதம் செய்து காட்டலாம், அடுத்த ஆறு மாதம் சேர்ந்து செய்யலாம், கடைசி ஆறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கவேண்டும். அந்தக் கடைசி ஆறு மாதம்தான் கடினம். பதினாறு வயதுப் பெண் கீபோர்டில் ஒரு கையால் மட்டும், நான்கு பாட்டுகளை மட்டும், தடுமாறித் தடுமாறி வாசிப்பாள். அவளுக்கு அந்த நான்கு பாட்டு போதும், அதற்கேற்ப ஞாயிறு பாட்டைத் தலைவர் தேர்ந்தெடுப்பார். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சகோதரி எழுந்துபோய் உதவக்கூடாது. எழுத்தர் காணிக்கையைத் தப்பாகக் கூட்டினால், சரியான தொகையைச் சொல்லாமல் இன்னொரு முறை எண்ணச் சொல்லவேண்டும். எண்ணுவது எப்போதும் இருவர், கையெழுத்தும் இருவர், தம்பதி அந்த இருவரில் இருக்கக்கூடாது. கடைசி ஆறு வாரத்தில் எந்தப் புது வேலையும் தொடங்கக்கூடாது. அடுத்த தம்பதி வரும் வரை பல மாதம் இடைவெளி விழலாம், வராமலே போகவும் செய்யலாம். வரப்போகிறவருக்கு என்று எழுதிவைக்கும் குறிப்பேட்டைக் கிளைத் தலைவருக்கு என்று எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வருவது நல்லது. சாவிகள் எத்தனை, எது யாரிடம், வீட்டுக்காரர் எண், மெக்கானிக் எண், வாசர் கிடைக்கும் கடை எல்லாம் அதில் இருக்கவேண்டும்.

ஊர் திரும்பிய பிறகும் வாட்ஸப்பில் செய்திகள் வரும். யூட்டா கானாவைவிட குளிர்காலத்தில் ஏழு மணி நேரம் பின்னால் இருப்பதால் அவை பெரும்பாலும் விடியற்காலையில் வந்து சேரும். பிள்ளை பிறந்த செய்திக்கும் மரணச் செய்திக்கும் உடனே பதில் எழுதவேண்டும், அந்த உறவு உண்மையானது, அதை 18 மாதத்தோடு முடிக்கத் தேவையில்லை. கீபோர்டு பழுது, கணக்கு வரவில்லை, இரண்டு பேருக்குள் சண்டை என்று வந்தால், தலைவரிடம் சொன்னீர்களா என்று கேட்டு, அவர் பெயரைச் சொல்லி அவரிடமே அனுப்பிவிட வேண்டும்.